செம்மண் ஊரில் ஒரு கறுப்புக் கார்

ஒரு கார் பழசாகிவிட்டது என்று நாம் முடிவு கட்டுவது பெரும்பாலும் எஞ்சினின் ஓசையைக் கேட்டு அன்று. அதன் மேனியைப் பார்த்துத்தான். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எஞ்சின் மூடியை உற்றுப் பார்த்தால், அதில் தெரியும் சூரியப் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாக மின்னும். எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடும் நேர்க்கீறல்களில் ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் பளிச்சிடுவதால், அவை கண்ணுக்கு வட்டமாகத் தோன்றுகின்றன. இவற்றை நெடுஞ்சாலைப் பயணத்தின் அடையாளம் என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். முன்னே போகும் லாரியிலிருந்து தெறிக்கும் கல் பெயின்டைக் கொத்தி எடுக்கும். இப்படி நூற்றுக்கணக்கில் மெல்லிய கோடுகளைப் போடாது. கோடு போடுவது, மணல் ஒட்டிய துணியோடு காரைத் துடைக்கும் நம்முடைய கை. ஆகவே வீட்டில் காரைக் கழுவும் வேலையில் நான் பிடிவாதமாக இருப்பது ஒரே விஷயத்தில்தான்: கை தொடுவதற்கு முன்பே மணலைத் தண்ணீர் கொண்டுபோயிருக்க வேண்டும். ஷாம்பு, மெழுகு, விலையுயர்ந்த துணி எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நான் வாழும் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இந்தப் பிடிவாதத்துக்குத் தனிக் காரணமும் உண்டு. பட்டணத்துக்குள் தார்ச்சாலைதான் என்றாலும், தோட்டத்துக் கோயிலுக்கோ, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான பழைய லயத்தில் இன்னும் குடியிருக்கும் உறவினர் வீட்டுக்கோ போக வேண்டுமானால் செம்மண் பாதையில் இறங்காமல் முடியாது. அந்த மண்ணுக்குச் சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. ஒட்டும் தன்மையைத் தருவது களிமண். இவ்விரண்டோடும் குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல் மணலும் கலந்திருக்கிறது. கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் எண் 7. சாதாரணக் கண்ணாடியையே அது கீறிவிடும் என்னும்போது, கண்ணாடியைவிட மிகவும் மென்மையான கார்ப் பெயின்ட் எம்மாத்திரம்? மழை பெய்த மறுநாள், செம்பனை எனப்படும் எண்ணெய்ப்பனையின் குலைகளை ஏற்றிவரும் லாரிகள் தோட்டத்து மண்ணைச் சக்கரங்களில் அள்ளிவந்து தார்ச்சாலையில் உதறிவிட்டுப் போவதால், தோட்டத்தின் பக்கமே போகாதவருடைய காரிலும் இந்த மண் தப்பாமல் ஒட்டிக்கொள்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அதன்மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு என நான்கு படலங்கள் இருக்கின்றன. நான்கையும் சேர்த்து அளந்தால் பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரைதான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். அலுவலகத்தில் நகலெடுக்கும் தாளின் கனம் சுமார் 100 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நிறத்தை வெயிலிலிருந்து காப்பதும் பளபளப்பைக் கொடுப்பதும் அந்தத் தாளில் பாதிக்கு மேல் போகாத ஒரு படலம் என்பது விளங்கும். பாலிஷ் போட்டுக் கீறலைப் போக்குவது என்றால் இந்தப் படலத்தையே கொஞ்சம் தேய்த்து எடுப்பது என்று பொருள். எடுத்தது திரும்ப வராது. கீறிவிட்டுப் பாலிஷ் போடுவதைவிடக் கீறாமல் கழுவுவதே மேல் என்று நான் சொல்வதற்குக் கணக்கு இதுதான்.

ஊரில் கார் கழுவும் கடைகளுக்குக் குறைவில்லை. அவசரத்துக்கு நானும் போவதுண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வரிசை பிடித்து நிற்கும் வண்டிகளில் கணிசமானவை தோட்டத்திலிருந்து நேராக இறங்கி வந்த பிக்கப் வண்டிகள். அவற்றின் அடிப்பாகத்தைத் தேய்த்த பஞ்சே அடுத்து நிற்கும் காரின் கூரையையும் தேய்க்கும். 10, 15 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) அரைமணி நேரத்தில் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலையில் வேறு எப்படி நடக்கும்? நிதானத்தை விலைக்குக் கேட்டால் அவர்கள் கடையை மூட வேண்டியதுதான். நிதானம் வீட்டில்தான் இலவசமாகக் கிடைக்கிறது.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே வேலையின் தரம் பாதி முடிவாகிவிடுகிறது. எங்கள் வட்டாரத்தில் பொழுது விடியவே ஏழு மணி ஆகிவிடுகிறது. விடிந்தவுடன் தொடங்கினால் ஒன்பதரைக்குள், தகடு சூடேறுவதற்கு முன்பாக, வெளிப்புற வேலையை முடித்துவிடலாம். சூடான தகட்டின்மேல் ஊற்றிய ஷாம்பு அலசுவதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும். அதை எடுக்க மறுபடி தேய்க்க வேண்டும். தேய்ப்பதைக் குறைப்பதற்குத்தானே இத்தனை ஏற்பாடும். பிற்பகலை நம்ப முடியாது. இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மாலை நேரத்து இடிமழை ஏறக்குறைய அன்றாடச் செய்தி. என் அக்காள் மகன் ஒருநாள் தன் மைவிக் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "மாமா, சாயங்காலம் எப்படியும் மழை பேயும், இப்ப எதுக்கு மெனக்கெடுறீங்க?" என்று கேட்டான். மழை தூசியைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. தூசி படிந்த காரின்மேல் விழும் மழைத்துளி தூசியை நனைத்துச் சேறாக்கி, காயும்போது ஒவ்வொரு துளியின் விளிம்பிலும் ஒரு வளையமாக விட்டுவிட்டுப் போகிறது. சுத்தமான காரின்மேல் விழுந்த மழையோ காய்ந்த பிறகு அநேகமாகத் தெரிவதே இல்லை. மழை வரும் என்று தெரிந்திருந்தால் அதற்கு முன் கழுவுவதுதான் சரி என்று அவனிடம் சொன்னேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை, ஆனாலும் வாளியை எடுத்துக்கொண்டு வந்தான்.

வேலையைச் சக்கரங்களிலிருந்து தொடங்க வேண்டும். சக்கரத்தையும் சக்கர வளைவையும் கடைசியில் கழுவினால், அங்கிருந்து தெறிக்கும் சேறும் பிரேக் தூளும் அப்போதுதான் துடைத்து முடித்த கதவுகளில் வந்து படியும். பிரேக் தூளில் பெரும்பகுதி இரும்பு. சூட்டோடு தெறித்து ஒட்டுவதால் வெறும் தண்ணீருக்கு அது அசையாது. ஆகவே சக்கரங்களுக்கென்று ஒரு வாளி, ஒரு பிரஷ், ஒரு பழைய துணி ஆகியவற்றைத் தனியாக வைத்திருக்கிறேன். இவை காரின் மேல்பகுதியை ஒருபோதும் தொடுவதில்லை. சக்கர வளைவின் உட்புறத்தில் அப்பிக் கிடக்கும் செம்மண்ணை முதலில் நன்றாக நனைத்து ஊறவிட்டு, மற்றச் சக்கரங்களைக் கவனித்துவிட்டுத் திரும்பி வந்து குழாயைப் பிடித்தால் கட்டி கட்டியாக விழும். அங்கே தங்கும் களிமண் பல நாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால், துரு தொடங்குவதும் அங்கேதான்.

டயரின் பக்கவாட்டில் பழுப்பு நிறமாக ஒன்று படிந்திருப்பதைப் பார்த்து, அதையும் செம்மண் என்று நினைத்துத் தேய்த்து அலுத்துப்போகிறவர்கள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யாமல் இருக்க, டயர் செய்யும்போது சில மெழுகுகளையும் வேதிப்பொருள்களையும் கலக்கிறார்கள். அவை சிறிது சிறிதாக வெளியே கசிந்து மேற்பரப்பில் பழுப்பாக மாறுகின்றன. டயர் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது. வழக்கமான சோப்பு நீரும் கெட்டியான பிரஷும் போதும். முழுவதும் போக வேண்டும் என்று கெரசினோ பெட்ரோலோ போட்டுத் துடைத்தால் அந்தப் பாதுகாப்பையே எடுத்துவிடுகிறோம். 1877-இல் இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்ட மண்ணில் வாழ்ந்துகொண்டு, ரப்பரைப் பெட்ரோலில் குளிப்பாட்டுவது நமக்கு அழகல்ல. டயருக்குக் கறுப்புப் பூச்சு போட விரும்புகிறவர்கள் தண்ணீர் அடிப்படையில் ஆனதை வாங்கி, பஞ்சில் தொட்டுப் பக்கவாட்டில் மட்டும் பூசலாம்; சாலையைத் தொடும் பகுதியில் பட்டால் வழுக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து.

அடுத்ததுதான் நான் அதிக நேரம் செலவிடும் இடம்: கை படாமல் வெறும் தண்ணீரால் அலசுவது. கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். குழாயின் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்சுவதைவிட, தண்ணீரைச் சாய்வாகவும் தாராளமாகவும் ஓடவிடுவது நல்லது. களிமண்ணை இளக்குவதற்கு அழுத்தத்தைவிட ஈரமும் நேரமும்தான் உதவுகின்றன. கதவுகளின் கீழ்ப்பாதியும், பின்சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள பகுதியும், பின்பக்கப் பம்பரும்தான் மண்ணின் கோட்டைகள். அவற்றை ஒருமுறை நனைத்துவிட்டு, சில நிமிடங்கள் கழித்து இரண்டாம் முறை அலச வேண்டும். சிவப்பாக ஓடிய தண்ணீர் தரையில் நிறமில்லாமல் ஓடத் தொடங்கும்வரை நான் ஷாம்புவைத் தொடுவதில்லை. வீட்டில் வாட்டர் ஜெட் இருந்தால் இந்த வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அதன் முனையைத் தகட்டுக்கு வெகு அருகில் கொண்டுபோகக் கூடாது. ஏற்கெனவே கல் கொத்திய இடத்தில் பெயின்டை உரித்துவிடும். கதவு ரப்பர்களுக்குள்ளும், எஞ்சின் பகுதியிலுள்ள மின்னிணைப்புகளுக்குள்ளும் தண்ணீரைத் திணித்துவிடும். தண்ணீர்த் தடை அறிவிக்கப்பட்ட வாரங்களில் இவ்வளவு அலசுவது முடியாது. சாதாரண ரப்பர் குழாய் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டும் என்பதால், அத்தகைய வாரத்தில் அரைகுறைத் தண்ணீரில் துடைப்பதைவிடக் காரை அழுக்காகவே விட்டுவிடுவது காருக்கும் நல்லது, அண்டை வீட்டாருக்கும் நல்லது.

இதே காரணத்தால்தான், காலையில் வேலைக்குக் கிளம்புமுன் இறகுத் துடைப்பத்தால் காரைத் தட்டிவிடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பார்ப்பதற்கு மென்மையாக இருக்கும் அந்தத் துடைப்பம், உலர்ந்த மணலைக் காரின் நீளத்துக்கு இழுத்துச் செல்லும் வேலையைத்தான் செய்கிறது. 2015-லும் 2019-லும் புகைமூட்டம் நாட்டைச் சூழ்ந்தபோது கார்களின்மேல் சாம்பல் படிந்தது. அதையும் தெருவெல்லாம் துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருந்தார்கள். தூசி தூசியாகவே இருந்தால் பெயின்டுக்கு ஒரு கெடுதியும் இல்லை. தேய்க்கும்போதுதான் அது ஆயுதமாகிறது.

அலசி முடித்த பிறகு இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். நீளமான இழைகள் கொண்ட மைக்ரோஃபைபர்க் கையுறையை ஷாம்பு வாளியில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவி, வெறும் நீர் வாளியில் அலசிப் பிழிந்து, மறுபடி ஷாம்புவில் தோய்க்க வேண்டும். ஒரே வாளியில் இதைச் செய்தால் காரிலிருந்து எடுத்த மண்ணைக் காருக்கே திருப்பிக் கொடுக்கிறோம். வாளியின் அடியில் மண் தங்கி மறுபடி கிளம்பாமல் இருக்க ஒரு சல்லடைத் தட்டு விற்கிறார்கள். பசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் வடிதட்டைக் கவிழ்த்துப் போட்டாலும் அதே வேலையைச் செய்கிறது. தட்டையான பஞ்சை நான் விட்டுவிட்டதற்குக் காரணம், மணல் ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை. பஞ்சுக்கும் பெயின்டுக்கும் நடுவிலேயே அது உருளும். கையுறையின் இழைகளோ மணலை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. கூரை, கண்ணாடிகள், எஞ்சின் மூடி, கதவுகளின் மேல்பாதி என்று இறங்கிவந்து, கீழ்ப்பாதியைக் கடைசியாக, இயன்றால் வேறொரு கையுறையால், முன்னும் பின்னுமாக நேர்க்கோட்டில் கழுவ வேண்டும். அழுத்தக் கூடாது, கையுறையின் எடையே போதும். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாத்திரம் கழுவும் சோப்பைப் பயன்படுத்தலாமா என்று கேட்காதவர்கள் இல்லை. எண்ணெய்ச் சட்டியின் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்தது அது; காரின்மேல் இருக்கும் மெழுகையும் பிசுக்கு என்றே எண்ணி எடுத்துவிடும். பழைய மெழுகை அகற்றிப் புதிதாகப் பூசப்போகிற நாளில் வேண்டுமானால் பயன்படுத்தலாம்; வாரந்தோறும் கூடாது. கார் ஷாம்பு அழுக்கைப் பிரிப்பதோடு வழவழப்பையும் தருகிறது. மிஞ்சியிருக்கும் மணல் கீறாமல் நழுவ அந்த வழவழப்புத்தான் உதவுகிறது. இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி: நுரை தரும் பல ஷாம்புப் பொருள்களுக்கு மூலம் லாரிக் அமிலம், அது தேங்காய் எண்ணெயிலும் செம்பனையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் ஏராளமாக இருக்கிறது. குலை ஏற்றிய லாரி நம் காரில் சேற்றை அடித்துவிட்டுப் போனால், அந்தக் குலையின் பருப்பு என்றாவது ஒருநாள் நுரையாகத் திரும்பி வந்து அதைக் கழுவவும் கூடும்.

கழுவியதைத் தானாகக் காயவிடக் கூடாது. தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். நமக்கு வரும் குழாய் நீர் பெரும்பாலும் ஆற்று நீரைச் சுத்திகரித்தது என்பதால் அவ்வளவு மோசமில்லை. ஆனால் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டி வாழ்ந்து, ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பெரிய மைக்ரோஃபைபர்த் துண்டைத் தகட்டின்மேல் விரித்து, மெல்லத் தட்டி, அப்படியே தூக்கினால் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். ஏற்கெனவே படிந்த புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் தோய்த்துச் சிறிது நேரம் வைத்து, பிறகு தாராளமாக அலசினால் பெரும்பாலும் போய்விடும்; போகாதவை பூச்சுக்குள் அரித்துவிட்டவை.

அரிப்பு என்றவுடன் பறவை எச்சம் நினைவுக்கு வருகிறது. அதிலுள்ள யூரிக் அமிலம் ஒரு பக்கம்; வெயிலில் இளகி விரியும் கிளியர் கோட், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்தைத் தன்மேல் பதித்துக்கொள்வது இன்னொரு பக்கம். இதற்கு வாரக்கடைசிவரை காத்திருக்கக் கூடாது. தண்ணீரில் நனைத்த மெல்லிய காகிதத்தை அதன்மேல் போட்டு, ஊறிய பிறகு தூக்கி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, ஏனென்றால் எச்சத்தில் விதையும் மணலும் இருக்கும். ஜம்பு மரத்தடியில் காரை நிறுத்துகிறவர்களுக்கு இரவில் வௌவால்களும் இதே சேவையைச் செய்கின்றன. என் மச்சான் வீடு ஒரு செம்பனை ஆலைக்கு அருகில் இருக்கிறது. அவருக்குக் கரித்தூள்தான் தலைவலி. ஆலைகளில் நீராவிக்காகப் பழத்தின் நாரையும் ஓட்டையும் எரிக்கிறார்கள். அந்தச் சாம்பலில் சிலிக்கா அதிகம். ஈரத் துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் கறுப்புக் கோடும் விழும், கீறலும் விழும். அதற்கும் மருந்து, முதலில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

புதுக் கார் வாங்கியவுடன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுவதும், ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் வைப்பதும் நம் வழக்கம். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. வைத்த பொட்டு மாதக்கணக்கில் எஞ்சின் மூடியில் இருந்து, சாயம் இறங்கிய பிறகு வருந்துவதில்தான் மறுப்பு. காய்ந்த சந்தனத்தை நகத்தாலோ உலர்ந்த துணியாலோ சுரண்டக் கூடாது; ஊறவைத்து வழித்தெடுக்க வேண்டும். வெள்ளைக் காரில் மஞ்சள் கறை மட்டும் மிஞ்சியிருந்தால் கவலைப்பட வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருள் வெயிலில் சிதைந்துபோகும் தன்மையுடையது என்பதால் சில நாள்களில் தானே மங்கிவிடும். சாயம் கலந்த குங்குமத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆகவே நான் பொட்டைக் கண்ணாடியின்மேல் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பூசாரியும் புன்னகையோடு ஒத்துக்கொள்கிறார். சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சையின் சாறு வளையத்தில் தெறித்திருந்தால், வீட்டுக்கு வந்ததும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிடலாம்.

இவ்வளவும் வாராந்திர வேலை. வருடத்துக்கு இரண்டு முறை, தைப்பூசத்துக்குப் பிறகு ஒன்றும் தீபாவளிக்கு முன் ஒன்றுமாக, சற்று ஆழமான வேலை செய்தால் போதும். கழுவிய காரின்மேல், மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். பூச்சுக்குள் புதைந்த இரும்புத் துகள்கள் அவற்றில் முக்கியமானவை. ரயில் நிலையத்துக்கு அருகில் நாள் முழுவதும் காரை நிறுத்திவிட்டு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகிறவர்களின் கார்களில் இவை கூடுதலாக இருக்கும், ஏனென்றால் தண்டவாளத்தில் சக்கரம் உராயும்போது இரும்புத் தூள் பறக்கிறது. இரும்பு நீக்கும் திரவத்தைத் தெளித்தால், அதிலுள்ள தயோகிளைகோலேட் என்ற உப்பு இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக ஒழுகும். முடியைச் சுருட்டும் அழகு நிலைய மருந்திலும் இதே வகைப் பொருள்தான் இருக்கிறது. அதன் நாற்றத்தை முகர்ந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அதை அலசிய பிறகும் மிஞ்சுவதைக் காருக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் எடுக்க வேண்டும். ஷாம்பு நீரைத் தாராளமாகத் தெளித்து, அந்த ஈரத்தின்மேல் கட்டியை மெதுவாக நகர்த்தி, அடிக்கடி மடித்துப் புது முகத்தைத் திருப்ப வேண்டும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் குப்பைக்குத்தான். கழுவினாலும் அதில் ஒட்டிய மணல் போகாது.

பாலிஷைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கையால் போடும் பாலிஷ் மெல்லிய மங்கலைத்தான் போக்கும். நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலை எந்தப் புட்டியும் போக்காது. அப்படிச் சொல்லும் விளம்பரங்கள் கீறலை எண்ணெயாலும் மெழுகாலும் நிரப்பி மறைப்பதைத்தான் காட்டுகின்றன.

மெழுகு வேறு கதை. கார் மெழுகுகளில் புகழ்பெற்ற கார்னோபா, பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் சுரப்பது. கடுமையான வறட்சியில் ஓலையின் ஈரத்தைக் காப்பதற்காக அந்த மரம் பூசிக்கொள்ளும் படலம் அது. ஓலையை வெட்டிக் காயவைத்து உதிர்த்தெடுக்கிறார்கள். தாவர மெழுகுகளிலேயே மிகவும் கடினமானது என்று பெயர் பெற்ற இது, 80 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும். இருந்தாலும் நம் ஊர் வெயிலிலும் மழையிலும் ஓரிரு மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. செயற்கைப் பூச்சுகள் அதைவிட நீடிக்கும். நான் இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறேன். செம்மண் ஊருக்குச் செயற்கைப் பூச்சே பொருத்தம் என்பது என் முடிவு. பளபளப்பில் கார்னோபாவுக்கு ஒரு குழைவு இருப்பது உண்மைதான், ஆனால் அடுத்த வாரம் மண் எளிதாக வழுக்கிப்போவதுதான் எனக்கு முக்கியம். எதைப் போட்டாலும் மெல்லியதாகப் போட வேண்டும். தடியாகப் பூசினால் துடைத்தெடுக்கும் வேலைதான் கூடும்.

வெளியழகோடு சேராத, ஆனால் காரின் ஆயுளைத் தீர்மானிக்கும் இரண்டு இடங்களை யாரும் கவனிப்பதில்லை. கதவுகளின் அடிவிளிம்பில் சிறு துளைகள் இருக்கின்றன. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற அவைதான் வழி. செம்மண் அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கி, உள்ளிருந்து துரு பிடிக்கும். கதவைத் திறந்து அசைக்கும்போது சளக் என்று சத்தம் கேட்டால் துளை அடைந்துவிட்டது என்று பொருள்; பல் குத்தும் குச்சி போதும், கம்பி வேண்டாம். இரண்டாவது, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர்கள் பதிந்திருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும்போது சருகுகள் அங்கே போய்ச் சேர்ந்து மட்கி, வடிகாலை அடைக்கின்றன; அடைபட்ட நீர் காற்று உள்ளே வரும் வழியாகப் பயணியின் காலடிக்கு இறங்கும். விரிப்பு நனைந்திருப்பதைப் பார்த்து ஏர்கோனைச் சந்தேகிப்பதற்கு முன் இந்தச் சருகை அள்ளிப் பார்க்கலாம்.

உட்புறத்துக்கு அதிக விளக்கம் தேவையில்லை. விரிப்புகளை எடுத்து உதறி, தூசி உறிஞ்சியால் இழுத்து, பிழிந்த ஈரத் துணியால் டேஷ்போர்டைத் துடைத்தால் போதும். நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் ஆகாது என்பதால், இருக்கைத் துணியை நனைத்துக் கழுவ ஆசைப்படுகிறவர்கள் வெயில் நிச்சயமான நாளில், காலையிலேயே அதைச் செய்ய வேண்டும். கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் அம்மோனியா கலந்த திரவத்தைத் தொடக் கூடாது.

கழுவிய காரை அப்படியே கொண்டுபோய் நிறுத்தாமல், பக்கத்துத் தெரு வரையாவது ஓட்டி, பிரேக்கை மெல்ல அழுத்தி உலர்த்த வேண்டும். பிரேக் தட்டு வார்ப்பிரும்பு. ஈரத்தோடு விட்டால் ஒரே இரவில் மேலெல்லாம் துருப் படியும். அந்த மேல்துரு அடுத்த ஓட்டத்தில் போய்விடும், ஆனாலும் காலையில் கேட்கும் உராய்வுச் சத்தத்தில் வீட்டிலுள்ளவர்கள் பயந்துவிடுகிறார்கள்.

பிறகு துணிகள். மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பருத்தியின் பொடி இழைகளில் சிக்கிக்கொள்ளும். மென்மையாக்கும் திரவம் போட்டால் இழைகள் பிசுபிசுத்துத் தண்ணீரை உறிஞ்ச மறுக்கும். கொஞ்சம் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், நிழலில் உலர்த்தல் என்று வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் வரும். வண்ணத்துக்கு ஒரு வேலை என்று பிரித்து வைத்திருக்கிறேன்: நீலம் மேனிக்கு, மஞ்சள் உட்புறத்துக்கு, சாம்பல் நிறம் சக்கரங்களுக்கு. நீலத் துணி ஒருமுறை தரையில் விழுந்துவிட்டால் அன்றோடு அது சாம்பல் நிறத் துணிகளின் கூடைக்குப் போகிறது. அக்காள் மகன் அதை எடுத்து உதறிவிட்டு மறுபடி எஞ்சின் மூடியில் வைக்கப் போகும்போது மட்டும் நான் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது.